விதியின் மேல் போட்ட பழி

வெள்ளிமலை
9.3.2025

அக்கா,

மூன்று முறை போன் செய்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறினால்தான் இங்கே டவர் கிடைக்கும். மூன்று முறையும் என் குரலைக் கேட்டதும் நீ அழுதாய். சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்கினேன். அதனால் எழுதுகிறேன்.

மாமா போய் எழுபத்தொரு நாள் ஆகிறது. போன வாரம் அம்மா ஒரு விஷயம் சொன்னாள். எழில்மதியின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு யாரோ ஒரு ஜோசியரிடம் போனீர்களாம். 'அப்பனை முழுங்கற ஜாதகம்' என்றாராம். குழந்தையை உட்கார வைத்துப் பரிகாரம் செய்தீர்களாம். அவளுக்கு ஒன்பது வயது. தன்னால்தான் அப்பா செத்தார் என்று அவள் மனதில் பதிந்துவிட்டால் அதை எந்தச் சாமி வந்து அழிக்கும்?

நம் வீட்டுக் கரும்பு லோடு டயர் வெடித்து ரோட்டில் நின்றது. பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. மார்கழிப் பனி. மாமா யாருடைய போர்வெல் மோட்டாரையோ சரி செய்யக் கச்சிராயபாளையம் பக்கம் பைக்கில் வந்தார், மோதினார். இதில் சனி எங்கே வந்தது? எந்தக் கிரகம் டிராக்டர் ஓட்டும்? நடந்தது எல்லாம் மனிதன் செய்தது, செய்யாமல் விட்டது. கடவுள் இல்லை என்று நான் சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாய். இப்போது சிரிக்க வேண்டாம். குழந்தையை மட்டும் விட்டுவிடு.

உன் தம்பி,
இளஞ்செழியன்

தியாகதுருகம்
17.3.2025

தம்பி செழியனுக்கு,

உன் கடிதம் வந்தது. பரிகாரம் செய்யச் சொன்னது என் மாமியார். எழில்மதியைப் பலகையில் உட்கார வைத்து அந்த ஆள் வாயைத் திறந்ததும் நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து மாமியார் என்னோடு பேசுவதில்லை. அம்மா உன்னிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். நீயும் கேட்டிருக்க மாட்டாய். உனக்குத் திட்டுவதற்கு ஒரு ஜோசியர் கிடைத்தால் போதும்.

ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போவது உண்மைதான். பிரதோஷத்துக்குப் போகிறேன். போய், 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பது?

மனிதன் செய்தது என்று எழுதியிருக்கிறாய். எந்த மனிதன்? வண்டியை நிறுத்திவிட்டுப் போன நம் டிரைவர் இருசப்பன்தானே? அவன் பெண்டாட்டி ராஜாம்பாள் வாரா வாரம் பஸ் ஏறி வந்து என் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை, நிற்கிறாள். முதல் தடவை பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறு வாரம் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். "விதி ராஜாம்பா. நீ இன்னா பண்ணுவ, அவருதான் இன்னா பண்ணுவாரு" என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் என்னால் அவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க முடிந்தது. விதி இல்லை என்று வைத்துக்கொள். அந்தச் சொம்பை நான் அவள் முகத்தில்தான் வீசியிருப்பேன்.

எனக்குச் சாமி எதற்கு வேண்டியிருக்கிறது என்று இப்போது தெரிகிறதா? செத்தவர் திரும்பி வர அல்ல. இருக்கிறவர்களை நான் கடித்துக் குதறாமல் இருக்க.

வேளைக்குச் சாப்பிடு.

மணிமொழி

வெள்ளிமலை
30.3.2025

அக்கா,

நீ எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். ராஜாம்பாளை உள்ளே கூப்பிட்டது நல்ல காரியம். ஆனால் அதற்கு நீ சொல்லும் காரணம் தப்பு. ஒரு பொய்யின் மேல் நின்றுகொண்டு எத்தனை நாள் நல்லவளாக இருக்க முடியும்?

எல்லாம் அவன் செயல் என்றால், பனியை இறக்கினதும் அவன், டயரை வெடிக்க வைத்ததும் அவன், மாமாவை அந்த நேரத்துக்கு அங்கே கொண்டுவந்து நிறுத்தினதும் அவன். அப்படி ஒருவன் இருந்தால் அவனைத்தான் முதலில் கூண்டில் ஏற்ற வேண்டும். நீ கற்பூரம் காட்டுகிறாய். இல்லாத ஒருவன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, செய்தவன் நிம்மதியாகத் தூங்குகிறான். இந்த நாட்டில் எல்லா அநியாயத்தையும் விதி என்ற ஒரு சொல் மூடிவிடுகிறது. சாமிக்குப் பயந்து நியாயமாக இருப்பதைவிட, எந்தச் சாமியும் இல்லை என்று தெரிந்தே நியாயமாக இருப்பது மேல். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் ஒன்று. இருசப்பன்மேல் கோபப்படாதே. அவன்மேல் தப்பு இல்லை.

செழியன்

தியாகதுருகம்
8.4.2025

செழியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குத் தலை வலித்ததுதான் மிச்சம். விதி இல்லை. சாமி இல்லை. மனிதன்தான் செய்தான். ஆனால் இருசப்பன்மேலும் தப்பு இல்லை. அப்படியென்றால் என் புருஷனைக் கொன்றது யார்டா? பனியா?

நேற்று ராஜாம்பாள் வந்தாள். கேஸ் நடப்பதால் இருசப்பனின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். யாரும் வண்டி கொடுப்பதில்லை. கரும்பு வெட்டப் போகிறானாம், இடுப்பு தாங்கவில்லையாம். சொல்லிக்கொண்டே வந்தவள் வாய் தவறி, "அன்னிக்கு அவரு காச்சல்ல படுத்துகினு இருந்தாருக்கா, கம்பளிய வுட்டு எந்திரிக்கல" என்றாள். சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னைக்கு?" என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போய்விட்டாள். அரை மணிக்கு அப்புறம்தான் பஸ்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்பா, அன்னிக்கு வண்டிய யாரு ஓட்டினது?" அவ்வளவுதான் கேட்டேன். "உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? போனவரு வரப்போறாரா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். நம் அப்பா என்னிடம் கத்தினதே இல்லை. உனக்குத் தெரியும்.

நீ தத்துவம் எழுத வேண்டாம். யார் ஓட்டினது? ஒரு வரியில் எழுது.

மணிமொழி

வெள்ளிமலை
19.4.2025

அக்கா,

நான்.

ஒரு வரியில் கேட்டாய். மீதியையும் எழுதாவிட்டால் அதுவும் பொய்யாகிவிடும்.

அன்று இருசப்பனுக்குக் காய்ச்சல். முதல் நாளே ஏற்றிய லோடு காய்ந்துகொண்டிருக்கிறது என்று அப்பா குதித்தார். 'நான் ஓட்டிக்கினு போறேன்' என்று சாவியை வாங்கினேன். யாரும் என்னை ஓட்டச் சொல்லவில்லை. அரையாண்டு லீவில் வந்தவன், டிராக்டர் ஓட்டி நாலு வருஷம் ஆச்சு, ஆசையாகத்தான் ஏறினேன். வாய்க்கால் பாலம் தாண்டியதும் டிரெய்லர் டயர் வெடித்தது. பாதி ரோட்டில் நின்றது. காலை மணி ஆறு இருக்கும். என் கையை நீட்டினால் விரல் தெரியாத பனி.

பக்கத்திலேயே வேப்பமரம். வண்டி நின்றால் பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகத் தழை ஒடித்துப் போடுவார்கள், சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். அந்த நினைப்பு எனக்கு வரவில்லை என்று எழுத ஆசை. வந்தது அக்கா. நன்றாக வந்தது. பஞ்சர் கடை ஆளை எழுப்பிவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து போட்டுக்கொள்ளலாம் என்று நடந்தேன். குளிராக இருந்தது. டீயில் பாதி குடித்திருந்தபோது சத்தம் கேட்டது.

ஓடி வந்து முதலில் பார்த்தவன் நான். மாமாவின் ஹெல்மெட்டைக் கழற்றியவன் நான். மூச்சு இல்லை.

அப்பா வந்தார். என்னை வீட்டுக்கு அனுப்பினார். "கவர்மெண்டு வேலடா. கேசு வந்தா சஸ்பெண்டு. நீ உள்ள போ" என்றார். அப்புறம் இருசப்பன் வீட்டுக்குப் போய் அவனை எழுப்பினார். "ஸ்டேஷன்லயே ஜாமீன் குடுத்துடுவாங்க, நான் பாத்துக்கறேன்" என்றாராம். அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பா பின்னால் நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா கதவைப் பூட்டிவிட்டுப் போனார் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன், பார். பூட்டவில்லை. சும்மா சாத்தியிருந்தது.

செழியன்

வெள்ளிமலை
18.5.2025

அக்கா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. லீவு விட்டு மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் இங்கேயே இருக்கிறேன். தபால்காரர் வாரம் இரண்டு நாள் வருகிறார், அந்த இரண்டு நாளும் ரோட்டில் போய் நிற்கிறேன்.

நிறையப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனிதன் தானாக முடிவெடுக்கிறான் என்பதே நம் கற்பனை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மூளை முடிவெடுத்த பிறகுதான் அது நமக்கே தெரிகிறதாம். யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. குளிருக்கு ஒடுங்கும் இந்த உடம்பை நான் கேட்டு வாங்கவில்லை. அப்பா குரலை உயர்த்தினால் அடங்கிப்போகும் புத்தியும் நான் தேர்ந்தெடுத்தது இல்லை. அந்த வளர்ப்பு, அந்தப் பழக்கம், அந்தக் காலை நேரம் எல்லாம் சேர்ந்தபோது, நான் தழை ஒடித்திருக்கவே முடியாது. இதே நான் அதே இடத்தில் நூறு தடவை நின்றாலும் நூறு தடவையும் டீக் குடிக்கத்தான் போயிருப்பேன்.

தப்பித்துக்கொள்வதற்காக எழுதவில்லை. புரிந்துகொள்ள எழுதுகிறேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

செழியன்

தியாகதுருகம்
5.6.2025

செழியன்,

இவ்வளவு எழுதியிருக்கிறாய். சுருக்கினால் ஒரே சொல்தான் வருகிறது: விதி. அந்த ஜோசியராவது நேராகச் சொன்னார். நீ மூளை, வளர்ப்பு, பழக்கம் என்று சுற்றி வளைத்து அதே இடத்துக்கு வந்து நிற்கிறாய். நான் விதி என்றபோது பொய் என்றாயே, இப்போது உனக்குத் தேவைப்பட்டதும் அது உண்மை ஆகிவிட்டதா?

தழை நினைப்பு வந்தது என்று நீயேதான் எழுதினாய். கதவு பூட்டவில்லை என்றும் நீதான் எழுதினாய். முடியாதவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காதுடா.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. எழில்மதிக்கு மட்டும் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அவருடைய பாடையை நீ தோள் கொடுத்துத் தூக்கினாய். பதினாறாம் நாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கடிதம் முழுக்க எனக்குக் கடவுள் இல்லை என்று பாடம் எடுத்தாயே, அப்போதெல்லாம் இது உன் வாய்க்குள்தான் இருந்திருக்கிறது. செய்தவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று யாரைச் சொன்னாய்?

அடுத்த பிரதோஷத்துக்கு ரிஷிவந்தியம் போனேன். கும்பிடக் கை வரவில்லை. 'ஏன் செய்தாய்' என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் செய்யவே இல்லை. அவர்மேல் வீண்பழி போட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். உனக்கு இது பைத்தியமாகத் தெரியும். தெரியட்டும்.

இருபத்தைந்தாம் தேதி கள்ளக்குறிச்சி கோர்ட்டில் இருசப்பன் கேஸ் வருகிறது. அப்பா ஏற்பாடு செய்த வக்கீல் அவனைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். உன் ஏப்ரல் மாதக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இருசப்பனுக்காக வேறு ஒரு வக்கீலைப் பார்க்கக் கிளம்பினேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நான் கொடுத்தால் நீ மாட்டிக்கொண்டதாக ஆகும். நீ சொன்னதாக ஆகாது.

அந்தக் கடிதமும் மே மாதக் கடிதமும் இதோடு இருக்கின்றன. நகல் எடுக்கவில்லை. அன்று நீ வரவில்லை என்றால் நான் எழுந்து சொல்வேன். கையில் ஒன்றும் இல்லாமல் நான் சொல்வதை யார் நம்புவார்கள்? அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார், புருஷன் போனதில் புத்தி கலங்கிவிட்டது என்று. ஆகவே உனக்குத் தப்பிக்க நல்ல வழி இருக்கிறது. வேண்டுமென்றுதான் அதை உனக்கு வைத்திருக்கிறேன். அதனால் இருசப்பனுக்கு நான் துரோகம் செய்கிறேன். அதுவும் உன்னால்தான்.

சாமி இல்லாமலே நியாயமாக இருக்கலாம் என்று எழுதினாய். இரு. பார்க்கிறேன்.

மணிமொழி

வெள்ளிமலை
14.6.2025

அக்கா,

ஏன் திருப்பி அனுப்பினாய்? நீயே கொடுத்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும். போலீஸ் வந்திருக்கும், போயிருப்பேன். அதற்குக்கூட எனக்குத் தைரியம் இருந்தது.

மூன்று நாள் முன்னால் அப்பா மலை ஏறி வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு இடத்தில் வாந்தி எடுத்தாராம். வகுப்பு முடியும்வரை வாசலில் நின்றார். "உங்கக்கா ஒரு மாதிரியா பேசறா. இன்னா எழுதின அவளுக்கு?" என்றார். உண்மையைத்தான் எழுதினேன் என்றேன். "உண்ம. உனுக்கு நல்லா சோறு போடும். இருசப்பனுக்கு ஃபைனோட போயிடும்டா. உனுக்கு வேலையே போயிடும். எது ஜாஸ்தி, எது கம்மினு கணக்குப் பாக்கத் தெரியாதா வாத்தியாருக்கு?" கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எனக்குச் செழியன் என்று பேர் வைத்து, மேடையில் நின்று பகுத்தறிவு பேசியவர். பஸ் கிளம்பும்போது, "எல்லாம் நேரம்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் போனதும் இரண்டு கடிதத்தையும் எரித்துவிட்டேன். உன்னிடம் மறைக்கப் போவதில்லை. சாம்பலானதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உடம்பே லேசாகிவிட்டது. அப்புறம் அந்த நிம்மதியை நினைத்துத்தான் அருவருப்பாக இருக்கிறது. இரண்டு நாளாக வகுப்பில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வருகிறேன் என்று எழுத மாட்டேன். எழுதியதெல்லாம் போதும்.

செழியன்

தியாகதுருகம்
29.6.2025

செழியா,

நீ கோர்ட்டுக்குள் வந்ததை நான் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் ராஜாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ வரமாட்டாய் என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, எழுந்து என்ன பேசுவது என்று எழில்மதி நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

இருசப்பன் பேரைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் அம்மா கேட்டதும், அவன் வக்கீல் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான். அதற்குள் உன் குரல் கேட்டது. "வண்டிய ஓட்டினது நானுங்க. ரோட்டுல வுட்டுட்டுப் போனதும் நான்தாங்க."

"யாருப்பா நீ? இது இன்னா சந்தையா? உக்காரு" என்று அந்த அம்மா அதட்டியபோது நீ உட்கார்ந்துவிடுவாய் என்று நினைத்தேன். உட்காரவில்லை. மறுபடியும் அதையே சொன்னாய். எழுதிக் கொடு என்றார்கள். மேல் விசாரணை என்றார்கள். ஆகஸ்டுக்கு வாய்தா போட்டார்கள். உன்னைப் போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போன பிறகு வெளியே நடந்தது உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

அப்பா என்னிடம் வந்தார். "புருஷனும் போயிட்டாரு, தம்பியையும் முழுங்கிட்ட" என்றார். எழில்மதியைச் சொன்ன அதே வார்த்தை. அவர் வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனார்.

இருசப்பன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நான் அன்னிக்கே மாட்டேன்னு சொல்லிருக்கணும்க்கா. சொல்லாம வுட்டது என் தப்பு" என்றான். "நீ மாட்டேன்னு சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சிதான் எங்கப்பா உன் வூட்டுக்கு வந்தாரு" என்றேன். மாட்டேன் என்று சொல்ல முடிந்தவன் நம் வீட்டில் ஒருவன்தான் இருந்தான். உன் புத்தகத்தில் இதெல்லாம் எழுதியிருக்கிறதா?

ராஜாம்பாள் அழவில்லை. என்னைப் பார்த்து நேராகக் கேட்டாள்: "இப்ப வந்து சொல்றாரு உங்க தம்பி. இந்த ஆறு மாசத்த எங்களுக்கு யாருக்கா திருப்பிக் குடுப்பாங்க?" உனக்குப் பதில் தெரிந்தால் நீயே போய் அவளிடம் சொல். என் வழியாகச் சொல்லி அனுப்பாதே.

நீ ஜாமீனில் வெளியே வந்ததும் உனக்கு சஸ்பெண்டு ஆர்டர் வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். எனக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. நீ சொன்னது சரியா என்று கேட்டால், சரி. அதனால் எனக்கு மனசு ஆறியதா என்றால், இல்லை. விதி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது என்னால் தூங்கவாவது முடிந்தது. இப்போது கண்ணை மூடினால் நீ டீ குடிக்கிறாய்.

எழில்மதி கேட்டாள், "மாமாதான் அப்பாவ சாகடிச்சாராம்மா?" என்று. "வேணும்னு செய்யல. செய்ய வேண்டியதச் செய்யாம வுட்டாரு. அப்புறம் பொய் சொன்னாரு. அப்புறம் உண்மைய சொன்னாரு" என்றேன். இதைவிட நன்றாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அவள், "அப்ப என் ஜாதகம் இல்லையா?" என்றாள். இத்தனை நாளும் அவள் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

என்னை மன்னித்துவிடு என்று நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. இப்போதும் எழுதாதே. எழுதினால் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன். கோயிலுக்குப் போகிறேன், விடவில்லை. சாமியிடம் கேட்க எனக்கு இப்போது ஒன்றும் இல்லை, சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன். கேட்க வேண்டியதெல்லாம் உன்னிடம்தான் இருக்கிறது. மூச்சு இல்லை என்று எழுதினாயே, அதற்கு முன் அவர் ஏதாவது பேசினாரா, கண் திறந்து பார்த்தாரா, ஹெல்மெட்டைக் கழற்றும்போது உன் கை அவர்மேல் எங்கே பட்டது, எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். கேட்கக் கேட்க உன்மேல் ஆத்திரம் வரும். வரட்டும்.

வீட்டுக்கு வராதே. எழுது.

மணிமொழி